இலவச டிவியும் பிபிசி மைக்ரோவும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் எந்தக் காயலாங்கடைக்குப் போனாலும் 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றாவது கண்ணில் படும். 2006 செப்டம்பரில் தொடங்கி 2011 வரை தமிழக அரசு விலையில்லாமல் கொடுத்த பெட்டி. மாநிலம் முழுக்க ஒன்றரைக் கோடிக்கும் மேல் போய்ச் சேர்ந்தது. குன்னத்திலும் வேப்பந்தட்டையிலும் செந்துறையிலும் திருமானூரிலும் பல வீடுகளுக்கு முதல் வண்ண டிவி அதுதான். எல்.இ.டி. டிவி வந்ததும் அது பரணில் ஏறியது. பரணில் மக்காச்சோள மூட்டைக்கு இடம் தேவைப்பட்டபோது காயலாங்கடைக்கு இறங்கியது. அங்கே முதலில் உடைபடுவது பிக்சர் டியூபின் கழுத்து. கழுத்தைச் சுற்றியுள்ள யோக்கில் செம்புக்கம்பி இருக்கிறது, அதற்கு எடைக்கு எடை காசு. ஈயம் கலந்த கண்ணாடியைச் சீந்துவார் இல்லை.

அந்தப் பெட்டிகளை உடைக்காதீர்கள் என்று சொல்ல என்னிடம் உறுதியான காரணம் ஒன்று இருக்கிறது. 1980களில் வீட்டுக்கும் பள்ளிக்கும் வந்த முதல் தலைமுறைக் கணினிகளுக்கு இதைவிடப் பொருத்தமான திரை இன்று எந்தக் கடையிலும் கிடைக்காது. ஐம்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் 4கே டிவி அந்தக் கணினியைப் பார்த்து 'நோ சிக்னல்' என்று சொல்லக்கூடும். படம் காட்டினாலும் பாதி நேரம் தவறாகக் காட்டும். இலவச டிவியோ மஞ்சள் பின்னைச் செருகியதும் படத்தைக் காட்டிவிடும். இது ஏன் என்று புரிந்துகொண்டால் அந்தக் காலக் கணினி எப்படி வேலை செய்தது என்பதும் கூடவே புரிந்துவிடும்.

பழைய கணினி என்றால் நம் நாட்டில் முதலில் சொல்ல வேண்டியது பிபிசி மைக்ரோவை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்ன் நிறுவனம் 1981 டிசம்பரில் வெளியிட்ட கணினி அது. அதன் வடிவமைப்பில் முக்கியப் பங்கு சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் இருவருக்கும் உண்டு. பிபிசியின் கணினிக் கல்வி நிகழ்ச்சிகளுக்காக உருவானதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1984-85 கல்வியாண்டில் இந்திய அரசு 'கிளாஸ்' என்ற பெயரில் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தைச் சுமார் 250 மேல்நிலைப் பள்ளிகளில் தொடங்கியபோது தேர்ந்தெடுத்ததும் இதைத்தான். பிறகு திட்டம் இன்னும் பல பள்ளிகளுக்கு விரிந்தது. மொஹாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், இதே கணினியை 'யூனிகார்ன்' என்ற பெயரில் இந்தியாவிலும் கொண்டுவந்தது.   

பிபிசி மைக்ரோவின் மாடல் பி-யில் இருப்பது 32 கிலோபைட் நினைவகம், 2 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 6502 சில்லு. இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கு அந்த நினைவகம் நூறு மடங்கு போதாது. விசைப்பலகையும் கணினியும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். திரை மட்டும் கிடையாது. மானிட்டர் விலை கணினி விலையை எட்டிப்பிடித்த காலம் அது. வீட்டில் ஏற்கெனவே டிவி இருக்கிறது, அதையே திரையாக்கிக்கொள்ளலாம் என்று வீட்டுக் கணினி நிறுவனங்கள் பலவும் முடிவு செய்தன. சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம், கமடோர் 64, ஆப்பிள் 2 எல்லாம் இந்த வழியில் வந்தவைதான். செலவு மிச்சம் என்பது காரணத்தில் ஒரு பாதி. மறுபாதி, டிவிக்குள் இருந்த நேர ஒழுங்கையே கணினியும் தன் ஒழுங்காக எடுத்துக்கொண்டது.

பிக்சர் டியூபுக்குள் கழுத்துப் பக்கம் இருக்கும் கன், எலக்ட்ரான் கற்றையைத் திரையை நோக்கி வீசுகிறது. யோக்கின் காந்தப்புலம் அந்தக் கற்றையை இடமிருந்து வலமாக இழுத்து ஒரு கோடு வரைய வைக்கிறது. பிறகு சட்டென்று இடது ஓரத்துக்குத் திரும்பி அடுத்த கோடு. நம் நாட்டின் பி.ஏ.எல். முறையில் ஒரு கோட்டுக்கு 64 மைக்ரோ நொடி. அதில் திரும்பிப் போகும் நேரத்துக்கு 12 போக, படத்துக்கு மிஞ்சுவது 52. நொடிக்கு 15,625 கோடுகள். ஒரு முழுப் படத்துக்கு 625 கோடுகள், அவற்றை ஒற்றைப்படை இரட்டைப்படை என்று இரண்டு பாதியாகப் பிரித்து நொடிக்கு 50 பாதிப் படங்கள். 14 அங்குலத் திரையின் அகலம் சுமார் 27 சென்டிமீட்டர். அதை 52 மைக்ரோ நொடியில் கடக்கும் ஒளிப்புள்ளியின் வேகம் நொடிக்கு ஐந்து கிலோமீட்டருக்கும் மேல். பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் பேருந்து முக்கால் மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும் சுமார் 30 கிலோமீட்டரை அந்தப் புள்ளி ஆறு நொடிக்குள் கடந்துவிடும்.

டிவியைப் போட்டதும் மெல்லிய 'ங்ங்ங்' என்றொரு சத்தம் குழந்தைகளுக்குக் கேட்கும், தாத்தாவுக்குக் கேட்காது. நொடிக்கு 15,625 முறை இழுபடும் அந்தக் கோட்டின் சத்தம்தான் அது. உள்ளே உள்ள சுருள்கள் அந்த வேகத்தில் அதிர்கின்றன. வயதான காது அவ்வளவு கூர்மையான ஒலியைப் பிடிக்காது.

பிபிசி மைக்ரோவுக்குள் 6845 என்றொரு சில்லு இருக்கிறது. பிக்சர் டியூபை ஆட்டுவிக்கும் சில்லு என்பதே அதன் முழுப்பெயரின் பொருள். அதன் வேலை எண்ணுவது. எந்தக் கோட்டில் எந்த எழுத்து வர வேண்டும், எப்போது கோட்டை முடிக்க வேண்டும், எப்போது பக்கத்தை முடிக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டே இருக்கும். முழுப் படத்தை எங்கோ தயாரித்து வைத்து டிவிக்கு அனுப்பும் வழக்கம் இந்தக் கணினிக்கு இல்லை. கற்றை திரையில் எந்த இடத்தில் நிற்கிறதோ, அந்தக் கணத்தில் அந்த இடத்துக்கான பிட்டை நினைவகத்திலிருந்து எடுத்து ஒளியாகவோ இருளாகவோ வெளியே விடுகிறது, அவ்வளவுதான். ஆகவே படம் முழுசாக இருக்கும் இடம் கணினியும் இல்லை, கம்பியும் இல்லை. டியூபின் உட்புறம் பூசிய பாஸ்பரின் மினுக்கத்திலும் நம் கண்ணின் தாமதத்திலும்தான் படம் உருவாகிறது. டியூபைக் கணினியின் உறுப்பாகவே நான் கருதுவது இதனால்தான்.

1984இல் வந்த 'எலீட்' என்ற விண்வெளி விளையாட்டு இதைச் சாமர்த்தியமாகப் பயன்படுத்தியது. டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் எழுதியது. மேல்பாதியில் விண்கலங்களைக் கூர்மையான கோடுகளாகக் காட்ட வேண்டும், கீழ்ப்பாதியில் கருவிப்பலகையை வண்ணத்தில் காட்ட வேண்டும். கூர்மையும் வண்ணமும் சேர்ந்த திரைமுறைக்கு இருந்த நினைவகம் போதாது. கற்றை திரையின் குறிப்பிட்ட கோட்டுக்கு வரும்வரை டைமர் வைத்துக் காத்திருந்து, வந்ததும் திரைமுறையை மாற்றிவிட்டார்கள். கற்றை மேலே திரும்புவதற்குள் மறுபடி பழையபடி. நொடிக்கு 50 முறை இந்த மாற்றம் நடந்தது. பார்ப்பவருக்கு ஒரே திரை, மேலே ஒரு மாதிரி, கீழே ஒரு மாதிரி.

இனி இணைப்புக்கு வருவோம். பிபிசி மைக்ரோவின் பின்புறம் படம் வெளியே வர மூன்று துளைகள் உண்டு. மூன்றும் மூன்று தரம்.

முதலாவது ஆன்டெனாத் துளைக்குப் போகும் யு.எச்.எஃப். வழி. கணினிக்குள் இருக்கும் சிறு மாடுலேட்டர் படத்தை வானொலி அலையில் ஏற்றி 36ஆம் சேனலில், அதாவது 591 மெகாஹெர்ட்ஸ் பக்கம், தானே ஒரு குட்டி ஒளிபரப்பு நிலையம்போல அனுப்பும். இங்கிலாந்தில் டிவி ஒளிபரப்பு யு.எச்.எஃப்.பில் இருந்ததால் அங்கே இது இயல்பு. இங்கே சிக்கல் வந்தது. தூர்தர்ஷன் அந்நாளில் வி.எச்.எஃப். அலைகளில்தான் வந்தது. டயனோரா, சாலிடேர் என்று நம் சென்னைப் பெட்டிகளின் திருகில் 'டக் டக்' என்று 12ஆம் சேனல் வரைதான் இருக்கும். அதோடு முடிந்தது. கொடைக்கானல் பக்கம் திருப்பிய உயரமான ஆன்டெனாவில் படம் பிடித்துக்கொண்டிருந்த வீட்டுக்கு யாராவது லண்டனிலிருந்து ஸ்பெக்ட்ரம் கொண்டுவந்திருந்தால், டிவியும் பழுதில்லை, கணினியும் பழுதில்லை, ஆனாலும் திரையில் வெறும் புள்ளிகள்தான் ஓடியிருக்கும். 36 என்ற எண்ணே அந்தத் திருகில் கிடையாது.

இலவச டிவி இந்த இடத்தில்தான் முந்துகிறது. அது கேபிள் காலத்தில் பிறந்த பெட்டி. கேபிள்காரர் நூறு சேனல் விடுவார் என்பதால் அதன் ட்யூனர் வி.எச்.எஃப்.பிலிருந்து யு.எச்.எஃப். வரை முழுசாகத் தேடும். கணினியைப் போட்டுவிட்டு ரிமோட்டில் ஆட்டோ சர்ச் கொடுத்தால் கடைசிப் பகுதியில் எங்கோ நின்று 'பிபிசி கம்ப்யூட்டர் 32கே' என்ற வரியைப் பிடித்துக் காட்டும். ஒலி அலை இங்கிலாந்தில் 6 மெகாஹெர்ட்ஸ் தள்ளி, நமக்கு 5.5 தள்ளி. அது நமக்குத் தொல்லை இல்லை, இந்தக் கணினிக்குச் சொந்த ஸ்பீக்கர் உண்டு. டிவியின் ஒலியை மட்டும் குறைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இரைச்சல் காதைப் பிளக்கும்.

இரண்டாவது வழி காம்போசிட் வீடியோ, நாம் ஏ.வி. என்று சொல்வது. வானொலி அலையில் ஏற்றி மறுபடி இறக்கும் வீண்வேலை இல்லை என்பதால் படம் நன்றாகவே தெளியும். 2017இலிருந்து அரசு கேபிளின் செட்டாப் பாக்ஸை இதே மஞ்சள் பின்னால் செருகிப் பழகியவர்கள் நம் கிராமத்துக்காரர்கள், யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஒரே கம்பியில் ஒரு வோல்ட் உயரமுள்ள சிக்னல் வருகிறது. அதில் கீழ்ப்பகுதி 0.3 வோல்ட் 'கோடு முடிந்தது, திரும்பு' என்று சொல்லும் சிங்க் துடிப்புக்கு, மேலே உள்ள 0.7 வோல்ட் கறுப்பிலிருந்து வெள்ளை வரைக்குமான ஒளிக்கு. வண்ணம் என்பது 4.43 மெகாஹெர்ட்ஸில் அதிரும் தனி அலையாக அந்த ஒளியின் முதுகிலேயே ஏறிவருகிறது.

பிபிசி மைக்ரோவில் இந்தத் துளை பி.என்.சி. வகை. திருகிப் பூட்டும் பின். பெரம்பலூரில் இதற்கு அலைய வேண்டாம். சி.சி.டி.வி. கேமரா மாட்டுபவர்களின் பையில் பி.என்.சி.யிலிருந்து ஆர்.சி.ஏ.வுக்கு, அதாவது அந்த மஞ்சள் பின் வகைக்கு, மாற்றும் பின் கைநிறையக் கிடக்கும். மாட்டிப் பார்த்தால் படம் கறுப்பு வெள்ளையில்தான் வரும். பயப்பட ஒன்றுமில்லை, தொழிற்சாலையிலேயே அப்படித்தான் வைத்தார்கள். போர்டில் எஸ்39 என்று அச்சிட்ட இடத்தில் இரண்டு புள்ளிகளை இணைத்து ஈயம் வைத்தால் வண்ண அலையும் சேர்ந்து வெளியே வரும். மிகப் பழைய போர்டுகளில் மட்டும் இது இல்லை.

வண்ணத்தை வேண்டாமென்று ஏன் வைத்தார்கள்? நான் இந்தக் கணினியை விரும்புவதற்கு இந்தக் கேள்வியின் பதிலும் ஒரு காரணம். அதன் மோட் 0 திரைமுறையில் ஒரு வரிக்கு 80 எழுத்துகள், 640 புள்ளிகள். அந்த 640 புள்ளிகளையும் 40 மைக்ரோ நொடியில் வெளியே தள்ள வேண்டும், அதாவது நொடிக்கு 1 கோடியே 60 லட்சம் புள்ளிகள். ஒரு புள்ளி வெள்ளை, அடுத்தது கறுப்பு என்று மாறி மாறி வந்தால் 8 மெகாஹெர்ட்ஸ் அலை ஆகிறது. நம் டிவிகளின் படச்சுற்றோ 5 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் தாங்காது. அதிலும் வண்ணம் சேர்ந்தால், 4.43 பக்கத்தில் வரும் நுண்ணிய விவரத்தையெல்லாம் வண்ணம் என்று டிவி தவறாக எடுத்துக்கொள்ளும். எழுத்துகளின் ஓரங்களில் வானவில் நெளியும். வண்ணம் இல்லாத காம்போசிட்டை நல்ல மானிட்டருக்குக் கொடுத்தால் 80 எழுத்து வரியைப் படிக்கலாம். ஆக, அந்தத் துளையைப் படிப்பவருக்காக வைத்திருக்கிறார்கள், வண்ணம் வேண்டியவருக்கு மூன்றாவது துளை. இலவச டிவியில் 80 எழுத்து வரியைப் படிக்க முயல வேண்டாம். மின்சுற்று ஒரு தடை என்றால் டியூபின் கண்ணாடி இன்னொரு தடை. சிவப்பு, பச்சை, நீலப் பட்டைகளின் ஒரு தொகுதி அரை மில்லிமீட்டருக்கும் கூடுதலான அகலம் கொண்டது. 27 சென்டிமீட்டரில் 640 தொகுதிகளுக்கு இடமே இல்லை.

40 எழுத்து வரி அப்படியில்லை. கணினியைப் போட்டதும் வரும் மோட் 7 முறை டிவிக்காகவே பிறந்தது. டெலிடெக்ஸ்ட் செய்திப் பக்கங்களுக்குச் செய்த எஸ்.ஏ.ஏ.5050 என்ற சில்லு அதை எழுதுகிறது. வரிக்கு 40 எழுத்து, 25 வரி, மொத்தத்துக்கும் ஒரே ஒரு கிலோபைட். ஒற்றைப்படைக் கோடு, இரட்டைப்படைக் கோடு என்ற இரண்டு பாதிப் படங்களிலும் வெவ்வேறு புள்ளிகளை வைத்து எழுத்தின் வளைவுகளை அது மழுக்கிக் கொடுக்கிறது. இந்த நுணுக்கம் பிக்சர் டியூபில் கண்ணுக்கு இதமாகத் தெரியும். மற்ற திரைமுறைகளில் எழுத்து லேசாக மேலும் கீழும் துடிப்பதைப் பார்க்கலாம். அதற்கு நட்சத்திரக் குறி போட்டு 'டிவி 0,1' என்று ஆங்கிலத்தில் தட்டிவிட்டு, திரைமுறையை மறுபடி தேர்ந்தெடுத்தால் கோடு மாறி வரைவது நின்று எழுத்து அசையாமல் நிற்கும். அந்தப் பூஜ்யத்தின் இடத்தில் வேறு எண் கொடுத்தால் படம் முழுக்க மேலேயோ கீழேயோ நகரும். டிவியின் சட்டத்துக்குள் முதல் வரி மறைந்துபோனால் அதைச் சரிசெய்யும் கட்டளையைக் கணினியின் உள்ளேயே வைத்து அனுப்பியிருக்கிறார்கள். எந்த வீட்டின் டிவியோடும் ஒத்துப்போக வேண்டும் என்ற அக்கறை அது.

மூன்றாவது துளை ஆர்.ஜி.பி. சிவப்பு, பச்சை, நீலம், சிங்க் என்று நான்கும் தனித்தனிக் கம்பி. ஒவ்வொன்றும் 'உண்டு', 'இல்லை' என்ற இரண்டே நிலை. ஆக எட்டு வண்ணம். எதுவும் எதோடும் கலக்காததால் இதுதான் மிகத் தூய படம். இங்கிலாந்துப் பள்ளிகளில் இதற்கென்றே மைக்ரோவிடெக் நிறுவனத்தின் 'கப்' என்ற உலோகப்பெட்டி மானிட்டர் இருந்தது. அதுவும் 14 அங்குலம்தான். நம் டிவியில் ஆர்.ஜி.பி. துளை கிடையாது, ஐரோப்பாவின் ஸ்கார்ட் இங்கே வரவே இல்லை.

ஆனாலும் ஒரு வாசல் இருக்கிறது. பெரம்பலூர் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் டிவி பழுது பார்க்கும் தம்பி ஒருவரின் மேசையில் இலவச டிவி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கேபிள் இல்லை, திரை முழுக்கப் புள்ளிகள். மூலையில் சேனல் எண் மட்டும் பச்சையாக, வெட்டி வைத்த மாதிரி கூராக நின்றது. "சிக்னலே இல்லாட்டியும் இந்த நம்பரும் வால்யூம் கோடும் எப்பவுமே பளிச்சுன்னு நிக்கும்ணே, அது ஸ்டேஷன்லேர்ந்து வர்றதில்ல, உள்ளயே எழுதுறது" என்றார். அவர் சொன்னதுதான் முழு விடை. சேனல் எண்ணை எழுதும் பகுதி சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கம்பியாகப் படச் சில்லின் கடைசிக் கட்டத்தில் நேரடியாக நுழைகிறது. ட்யூனர், காம்போசிட், வண்ணப் பிரிப்பு எதையும் அது தொடுவதில்லை. அந்த நுழைவாயிலில் கணினியின் ஆர்.ஜி.பி.யைத் தகுந்த ரெசிஸ்டர்களோடு சேர்த்தால், இலவச டிவியே கப் மானிட்டராகிவிடும். உலகம் முழுக்கப் பழங்கணினி ஆர்வலர்கள் செய்வது இதைத்தான். டியூபின் ஆனோடில் 20 ஆயிரம் வோல்ட்டுக்கும் மேல் இருக்கும், அணைத்த பிறகும் சிறிது தங்கும். ஆகவே மூடியைத் திறக்கும் வேலையைப் பழகிய கைக்கு விட்டுவிட வேண்டும். அரியலூர்ப் பக்கத்துப் பெட்டி என்றால் திறந்ததும் முதல் வேலை துடைப்பதுதான். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சாலைத் தூசியை அந்த உயர் மின்னழுத்தம் இழுத்து வைத்திருக்கும். ஈரக்காற்றில் அந்தத் தூசிதான் 'சிர்'ரென்று பொறி விடக் காரணம்.

புது டிவி ஏன் தடுமாறுகிறது? அதில் கற்றையும் இல்லை, கோடு வரைவதும் இல்லை. வரும் சிக்னலை எண்களாக்கி, முழுப் படமாகச் சேர்த்து வைத்து, தன் திரையின் அளவுக்கு நீட்டி, பிறகுதான் காட்டும். அதற்கு வருவது ஒழுங்கான 625 கோடு ஒளிபரப்பு என்று அது நம்புகிறது. பழங்கணினிகள் பல அந்த ஒழுங்கை முழுசாகக் கடைப்பிடிப்பதில்லை. ஸ்பெக்ட்ரம் பாதிப் படத்துக்கு 312½ கோடு போட வேண்டிய இடத்தில் 312 போட்டு நிறுத்திக்கொள்ளும். நொடிக்கு 50 என்பது 50.08 ஆகும். பிக்சர் டியூபுக்கு இது ஒரு பொருட்டே இல்லை, சிங்க் துடிப்பு வரும்போது திரும்பும், அவ்வளவுதான். புது டிவியோ ஒற்றை, இரட்டைப் பாதிகள் என்று நினைத்து இரண்டு முழுப் படங்களைப் பின்னிக் கலக்கிவிடும். நகரும் உருவங்களின் ஓரம் சீப்புப் பல்லாகக் கிழியும், எழுத்து மங்கும், விசையை அழுத்தி ஒரு கணம் கழித்தே திரையில் அசைவு தெரியும். பஜாரில் விற்கும் ஏ.வி. டு எச்.டி.எம்.ஐ. குட்டிப்பெட்டிகளும் இதே தவற்றைச் செய்கின்றன. அவற்றை வாங்கச் சொல்லி நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்தத் தாமதத்தின் விளைவுக்கு 1990களின் பிள்ளைகள் நன்றாக அறிந்த ஓர் உதாரணம் உண்டு. திருவிழாக் கடைகளில் விற்ற 'டிவி கேம்' பெட்டியோடு பிளாஸ்டிக் துப்பாக்கி வரும், திரையில் பறக்கும் வாத்தைச் சுட வேண்டும். துப்பாக்கி எதையும் வெளியே விடுவதில்லை. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுக்கிறது, அடுத்து வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைச் சதுரமாகிறது. குழலின் முனையில் உள்ள ஒளி உணரி அந்த வெளிச்சம் வந்ததா என்று பார்க்கிறது, அதுவும் நொடிக்குச் சுமார் 15 ஆயிரம் முறை துடிக்கும் வெளிச்சத்தை மட்டும். குண்டு பல்பைச் சுட்டு ஏமாற்ற முடியாதபடி செய்த ஏற்பாடு அது. புது டிவியில் அந்தத் துடிப்பும் இல்லை, உரிய கணத்தில் சதுரம் வந்து சேர்வதும் இல்லை. எத்தனை குறி பார்த்தாலும் வாத்து பறந்துகொண்டே இருக்கும்.

அந்த டிவி கேம் பெட்டிகளின் இதயமும் 6502 வம்சம்தான், பிபிசி மைக்ரோவின் நெருங்கிய உறவு. அதையே விசைப்பலகையோடு 'கம்ப்யூட்டர்' என்றும் விற்றார்கள், பேசிக் மொழியும் தட்டச்சுப் பயிற்சியும் உள்ளே இருக்கும். இந்தியக் கடைத்தெருவில் அதைப் பார்த்து வியந்த அமெரிக்க வடிவமைப்பாளர் டெரெக் லோமஸ், 2008 வாக்கில் நண்பர்களோடு 'பிளேபவர்' என்ற முயற்சியைத் தொடங்கினார். பத்துப் பன்னிரண்டு டாலர் விலையில் டிவியோடு இணையும் கணினிக்கு நல்ல கல்வி விளையாட்டுகள் செய்து கொடுப்பது அதன் நோக்கம். தமிழகத்தில் வீட்டுக்கு வீடு அரசு டிவி போய்க்கொண்டிருந்த அதே ஆண்டுகள். ஒன்றரைக் கோடித் திரைகள் இங்கே ஏ.வி. துளையோடு காத்திருந்தன. அவற்றோடு ஒரு விசைப்பலகையும் பேசிக் மொழியும் சேர்ந்திருந்தால் என்ற எண்ணம் இன்றும் என்னை விடவில்லை.

லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போல வளைகுடாவில் உழைத்தவர்கள் நிறைந்த ஊர்களில் இன்னொரு புதையலும் இருக்கலாம். அங்கிருந்து வந்த மல்டி சிஸ்டம் டிவிகள் அமெரிக்க முறையான என்.டி.எஸ்.சி.யையும் காட்டும். 525 கோடு, நொடிக்கு 60 பாதிப் படம். அமெரிக்கச் சந்தைக்குச் செய்த ஆப்பிள் 2, கமடோர் 64 கிடைத்தவர்கள் அந்தப் பெட்டியைத் தேடலாம்.

டியூபே கிடைக்காதவருக்கும் வழி உண்டு. இங்கிலாந்தின் டேவிட் பேங்ஸ் தொடங்கி, ஆர்வலர்கள் சேர்ந்து வளர்த்த 'ஆர்.ஜி.பி. டு எச்.டி.எம்.ஐ.' என்ற சிறு போர்டு ராஸ்பெர்ரி பை ஜீரோவின் மேல் உட்காரும். அது ஊகிப்பதில்லை. பிபிசி மைக்ரோ நொடிக்கு 1 கோடியே 60 லட்சம் புள்ளி விடுகிறது என்று தெரிந்துகொண்டு, ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் 'உண்டா, இல்லையா' என்று பார்த்து அப்படியே நகலெடுக்கிறது. 80 எழுத்து வரியும் கண்ணாடியாகத் தெரியும். கைச்செலவு குறைய வேண்டுமென்றால், பழைய லேப்டாப் திரையோடு டிவி மெக்கானிக்குகள் மாட்டும் யுனிவர்சல் போர்டு. அதிலும் ஏ.வி. துளை உண்டு, ஆனால் கிழிசலும் தாமதமும் இருக்கும்.

கணினியைப் போடும் முன் ஒரு எச்சரிக்கை. பிபிசி மைக்ரோவின் பவர் சப்ளையில் மின்வாசலில் இருக்கும் வடிகட்டிக் கப்பாசிட்டர்கள் நாற்பது வருடத்தில் மேலுறை விரிசல் விட்டு ஈரம் உறிஞ்சியிருக்கும். போட்ட சில நிமிடங்களில் வெடித்து அறை முழுக்கப் புகை பரப்புவது அவற்றின் வாடிக்கை. மெயின்ஸுக்கு என்றே வரும் எக்ஸ்2 வகையில் 0.1, 0.01 மைக்ரோஃபாரட் வாங்கி முதலிலேயே மாற்றிவிட வேண்டும். தேநீர்ச் செலவுதான்.

காயலாங்கடையில் டிவி எடுப்பவர் டியூபின் கழுத்தை முதலில் பார்க்க வேண்டும். நுனியில் விரிசல் இருந்தால் காற்று புகுந்திருக்கும், உட்சுவரில் வெள்ளி மாதிரி மின்னும் பூச்சு பால் வெள்ளையாக மாறியிருந்தால் அது செத்த டியூப். நன்றாக இருந்தால் பின்பக்கம் மஞ்சள் துளை இருக்கிறதா, முன்பக்கப் பொத்தானில் டிவி, ஏ.வி. மாற்றும் வசதி இருக்கிறதா என்று பார்க்கலாம். பல பெட்டிகளில் அந்த வசதி ரிமோட்டில் மட்டும்தான், ரிமோட்டோ எப்போதோ தொலைந்திருக்கும். பேன்சி ஸ்டோரில் கிடைக்கும் யுனிவர்சல் ரிமோட்டைக் கையோடு எடுத்துப் போவது நல்லது. பிக்சர் டியூபை இப்போது எந்தத் தொழிற்சாலையும் நமக்காகச் செய்வதில்லை. கடைக்காரர் சுத்தியலை எடுக்கும் முன்பே, செம்புக்கு அவர் போடும் விலைக்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் பெட்டி முழுசாக வீட்டுக்கு வரும்.